இடது பக்கத்து அலுமாரி

தெமோதரை
03.02.2025

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

நான் நலம். நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். நீ போய் இரண்டு வருஷமாகிறது. நீ சொன்னபடியே வீட்டை விற்கப்போகிறேன்.

புரோக்கர் முன்ஸிப் வந்து படுக்கையறை அலுமாரியைத் திறந்தார். என் காகிதமெல்லாம் அவர் தலையில் கொட்டியது. வாங்க வருகிறவர்கள் அலுமாரியைத் திறந்து பார்ப்பார்களாம். அது நெருக்கமாக இருந்தால் வீடே சின்னதாகத் தெரியுமாம். நாலு நாள் லீவு போட்டு ஒதுக்கினேன். சங்க நோட்டீஸ், பழைய வினாத்தாள், திருவிழாப் பத்திரிகை, எல்லாம் போயிற்று. இப்போது இடது பக்கம் முழுக்கக் காலி.

அதற்கும் முன்ஸிப் தலையை ஆட்டினார். "ஒரு சேலகூட இல்லாட்டி, பொம்பள தங்காத வீடுன்னு நெனப்பாங்க சேர். ராசி பாக்கிறவங்க வாங்கமாட்டாங்க."

கேட்கவே வெட்கமாக இருக்கிறது. உன் சேலைகளில் நாலு அனுப்புவாயா? தொங்கவிட்டுப் பிறகு திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
புவனேந்திரன்


லுணுகலை
10.02.2025

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நல்ல கோபம் வந்தது.

ஒன்பது வருஷம் அந்த அலுமாரியில் ஒரு தட்டுக் கேட்டேன். "அடுத்த லீவுல ஒதுக்கித் தர்றேன்" என்றே காலத்தை ஓட்டினீர்கள். கட்டிலுக்கடியில் சூட்கேஸ், அதில் இருந்து எடுத்துத்தான் உடுத்தினேன், வந்த விருந்தாளி மாதிரி. மழைக்காலத்தில் சேலையெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. இப்போது யாரோ வந்து பார்ப்பதற்காக நாலே நாளில் காலியாகிவிட்டதா? நல்லா இருக்கு உங்க நியாயம்.

இருந்தாலும் அனுப்புகிறேன். விற்றால்தான் இரண்டு பேருக்கும் நிம்மதி. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதுளை பஸ்ஸில் கண்டக்டர் ரமேஸிடம் பார்சலைக் கொடுக்கிறேன், ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். நெருக்கித் தொங்கவிடாதீர்கள். மஞ்சள் சேலையை முன்னால் போடுங்கள். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

ஜெயந்தினி


தெமோதரை
24.02.2025

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

நீ சொன்ன மாதிரியே தொங்கவிட்டேன். தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் ஒருதரம் திறந்து பார்க்கிறேன்.

நேற்று பண்டாரவளையில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வீடு பிடித்துப்போயிற்று. அந்த அம்மா அலுமாரியைத் திறந்து, மஞ்சள் சேலையைத் தடவிப் பார்த்து, "வீட்டம்மாவுக்கு நல்லா எடம் குடுத்திருக்கீங்க சேர்" என்றார். முன்ஸிப் கண்ணைக் காட்டினார். ஆமாம் என்று சொன்னால் காரியம் முடிந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை.

"குடுக்கலைங்க. அதனாலதான் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்கள். முன்ஸிப்பும் கோபித்துக்கொண்டு போனார்.

இடது பக்கத்தில் இனி ஒரு காகிதம்கூட வைக்கமாட்டேன். ஜெயந்தினி, நீ திரும்பி வருவாயா?

உன்
புவனேந்திரன்


லுணுகலை
06.03.2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை நாலு தரம் படித்தேன். அந்த அம்மாவிடம் சொன்னதை ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். இப்போதாவது சொன்னீர்களே, மெய்யாகவே மனசு ஆறியது.

இந்த வாடகை அறைக்கு வந்ததும் நான் வாங்கிய முதல் சாமான் ஒரு சின்ன அலுமாரி. மூன்று தட்டு. இரண்டில் என் துணி. மூன்றாவது சும்மா இருக்கிறது. பக்கத்து அறை றிஸ்னி தன் சாமானை அதில் வைக்கலாமா என்று கேட்டாள். அவள் நல்ல பிள்ளை, ஆனாலும் மாட்டேன் என்றேன். திறக்கும்போது அந்தத் தட்டுக் காலியாக இருப்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. இதை விட்டுவிட்டு வர மனசில்லை. கோபத்தில் சொல்லவில்லை.

முன்ஸிப்பைச் சமாதானப்படுத்துங்கள். அடுத்து வருகிறவர்களிடமும் உண்மையையே சொல்லுங்கள், அதைக் கேட்டும் வாங்குகிற ஆட்கள் இருப்பார்கள். கையெழுத்துப் போட நான் வருகிறேன்.

மூன்று சேலையை ரமேஸிடம் கொடுத்துவிடுங்கள், இங்கே உடுத்த வேண்டும். மஞ்சள் மட்டும் வீடு விற்கும்வரை அங்கேயே தொங்கட்டும்.

ஜெயந்தினி