மார்கழியில் வந்த வண்டி

நவம்பர் 23, 2025

லைசென்ஸ் வந்துவிட்டது. ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும்தான் ஓட்டலாமாம். முட்டிக்குக் கீழே இடது கால் இல்லாதவனுக்கு இதைக் கொடுக்க எட்டு மாதம் அலையவிட்டார்கள். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்கு இருபத்திரண்டு வருடம் காய்கறி லாரி ஓட்டியவன் நான். இன்றைக்கு அகரத்திலிருந்து தாடிக்கொம்பு போகக்கூட ஹாமித் ஆட்டோ கொண்டுவரவேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு அவன் வருகிறானா என்று பார்த்திருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

நவம்பர் 27

திண்டுக்கல் பைபாஸ் ஷோரூமுக்குப் போனேன். மின்சார கார். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, வலது கால் ஒன்று போதும். விற்பனையில் இருக்கும் ஷரீஃபா என்ற பெண் நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கவிட்டாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நானாக ஓரிடத்துக்குப் போனேன். கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

விலை, லாரி விற்ற காசுக்கு எட்டாது. இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவசரப்பட வேண்டாம், ஜனவரியில் புது மாடல் வருகிறது, டிசம்பர் கடைசியில் இதன் விலையைக் குறைப்பார்கள் என்றாள்.

டிசம்பர் 9

மதுரை, கரூர், திருச்சி என்று எல்லா ஷோரூமுக்கும் போன் போட்டாயிற்று. இருபதாம் தேதிக்கு மேல் கூப்பிடச் சொல்கிறார்கள். சந்தையில் சாயங்காலம் மிஞ்சின தக்காளி மாதிரிதான் இதுவும். என் மனைவி அய்யம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

டிசம்பர் 22

ஷரீஃபா கூப்பிட்டாள். இரண்டேகால் லட்சம் குறைத்திருக்கிறார்கள். இருப்பது ஒரே வண்டி, வெள்ளை. முப்பத்தொன்றுக்குள் பதிவு முடிய வேண்டும்.

உடனே போனேன். மே மாதம் செய்த வண்டி, ஏழு மாதமாக நிற்கிறது. டயர் ஒரு பக்கமாக அழுந்தியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். பேட்டரிக்கு உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டேன். பதிவு செய்த நாளிலிருந்துதானாம். எல்லாம் சரி, ஏன் இவ்வளவு குறைக்கிறீர்கள்?

"வருசக் கடைசியும் மார்கழியும் ஒண்ணா வந்துருதுண்ணே. உங்காளுக யாரு இப்ப வண்டி எடுக்குறாக? அதான் இம்புட்டு."

வீட்டில் சொன்னேன். மார்கழியில் வேண்டாம் என்று அய்யம்மாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

டிசம்பர் 23

சண்டை.

"அந்த லாரியும் மார்கழியிலதான் மலிவா வந்துச்சு. வேணாம்னு அம்புட்டு சொன்னேன். கேட்டீகளா? கால்ல வந்து முடிஞ்சுச்சு."

கத்திவிட்டேன். காலை எடுத்தது சர்க்கரை. கிளட்ச் மிதித்த காலில் கொப்புளம் வந்தது. இந்த லோடை இறக்கிவிட்டு, அடுத்த லோடை இறக்கிவிட்டு என்று ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டவன் நான். என் தப்பு. இதை அவளிடம் இன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன்.

அவள் நம்பவில்லை. என்மேல் பழி போட மனம் வராமல்தான் மாதத்தின்மேல் போடுகிறாளோ?

டிசம்பர் 24

சோற்றை ஆக்கி மூடி வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு அங்கன்வாடி வேலைக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 26

பில்லை இப்போது போட்டுவிட்டு வண்டியைத் தை பிறந்ததும் எடுக்கலாமா என்று ஷரீஃபாவிடம் கேட்டேன். மேனேஜரைக் கேட்டுவிட்டு, முடியாது என்றாள். இந்த வருடத்துக்குள் வண்டி வெளியே போனால்தான் தள்ளுபடியாம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை அவள் பேச்சைத் தாண்டினேன். இன்னொரு தடவை முடியாது.

டிசம்பர் 29

காலையில் அங்கன்வாடிக்குப் போகிறேன் என்று கிளம்பிய அய்யம்மாள் நேராக பஸ் ஏறி ஷோரூமுக்குப் போயிருக்கிறாள். பதினொரு மணிக்கு ஷரீஃபா போன் செய்தாள். அக்கா வந்திருக்கிறார்கள், வண்டி இன்னும் இருக்கிறது, ஆனால் அக்கா பெயரில்தான் பதிய வேண்டுமாம், சரியா என்று கேட்டாள். ஒருவழியாக மனசு மாறிவிட்டது என்று நினைத்து, சரி என்றேன். பணத்தையும் அனுப்பினேன். அந்தச் சந்தோஷத்தில் வேறெதுவும் யோசிக்கவில்லை.

திரும்பி வந்தவளிடம், உன் பெயரில் எதற்கு என்று கேட்டேன். அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"எடுக்குறவுகளுக்குத்தான ஆகாது. வாரது எனக்கு வரட்டும். நீங்க ஓட்டுங்க."

சாதாரணமாகச் சொன்னாள். உப்புக் குறைவாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி.

டிசம்பர் 31

வண்டி வந்தது. ஷோரூம் ஆள் ஓட்டிவந்து வேப்பமரத்தடியில் விட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு அய்யம்மாள் உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 5, 2026

இன்னும் எடுக்கவில்லை. மாத்திரை வாங்க இன்றும் ஹாமித்தின் ஆட்டோவில்தான் போனேன். வெள்ளை வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

அய்யம்மாள் கேட்டாள். கால் வலிக்கிறது என்றேன். தைலத்தை எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, முட்டியைச் சுற்றித் தேய்த்துவிட்டாள். வலியே இல்லாத இடத்தில் அவள் தேய்க்கத் தேய்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நாள் நட்சத்திரம் எதையும் நம்பாதவன் நான். நேற்று அவள் இரண்டு தடவை இருமினாள், எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்கழி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.