நீ ஒட்டிவிட்ட இமைமுடி

அனுப்பர்பாளையம், திருப்பூர்
ஐப்பசி கடைசி வாரம்

தேவிப்பிரியாவுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, நலம்தான் என்று உன் ஸ்டேட்டஸ் படங்களே காட்டுகின்றன. அன்புள்ள மகளுக்கு என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன், அந்த வார்த்தை வரவில்லை, வராததை எழுதி ஏமாற்ற நான் உன்னைப் போல் கெட்டிக்காரியும் இல்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ நாற்பது பேசிவிடுவாய். நான் கண்ணைத் திறக்க முடியாதபடி படுக்கவைத்துவிட்டு நீ பேசினாய் அல்லவா, இப்போது நீ வாயைத் திறக்க முடியாதபடி வைத்துக்கொண்டு நான் பேசுகிறேன். நடுவில் வைத்துவிடாமல் முழுவதும் படி.

துபாய் பியூட்டி பார்லர் வேலையிலிருந்து பத்து நாள் லீவில் வந்தவள் ஒன்பது நாள் ஒன்றுமே சொல்லவில்லை. தின்றாய், தூங்கினாய், சேவூருக்கு ஒரு எட்டுப் போய் மாமனார் மாமியாரைப் பார்த்துவிட்டு வா என்றால் தலைவலி என்றாய். கிளம்புகிற நாள் காலையில், அம்மா உனக்கு ஐலாஷ், அதான் பொய் இமைமுடி, வச்சுவிடறேன், எந்தொழிலை ஒருக்காவாச்சும் பாரு என்று குழைந்தாய். நானும் பெற்ற மனசு ஆயிற்றே, ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்து படுத்தேன். கீழிமையில் ஒரு பட்டையை ஒட்டி, இரண்டு கண்ணையும் மூடவைத்து, "தொறந்துராதம்மா, பசை பட்டா எரியும்" என்று மிரட்டிவிட்டு, இடுக்கியால் ஒவ்வொரு முடியாக எடுத்து எடுத்து இரண்டு மணி நேரம் ஒட்டினாய். முதல் ஒரு மணி நேரம் துபாய்க் கதை. அதற்கப்புறம் குரலும் மாறாமல் கையும் நிற்காமல் சொன்னாய், இனிமேல் மோகன்ராஜோடு வாழ மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் தீபாவளி கழிந்து சேவூருக்குப் போய்விடும், மாமாவிடம் அதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு என்று. என் கூடப்பிறந்த அண்ணன் மகன் என்றுதானே அவனுக்கு உன்னைக் கட்டிக்கொடுத்தேன், அந்த அண்ணனிடமே போய் நான் சொல்ல வேண்டுமாம். கல்யாணமான மறுவருஷம் உன் இடது கண்ணில் பட்ட காயம் அலமாரிக் கதவு இடித்ததில்லை, அவன் டார்ச் லைட்டால் அடித்தது என்றாய். என் விரலைப் பிடித்து உன் இமைமேல் வைத்தாய். முடியே இல்லாமல் வழவழவென்று ஒரு தழும்பு, எந்நேரமும் பொய்முடி ஒட்டி நீ மறைத்து வைத்திருந்தது, அன்று மட்டும் கழற்றி வைத்திருந்தாய் போலிருக்கிறது. நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். எனக்கு அழுகை முட்டியது. அப்போது நீ சொன்னது நினைவிருக்கிறதா, "அழுதுராதம்மா, இருவத்திநாலு மணி நேரம் தண்ணி படக்கூடாது." பெற்றவளிடம் இப்படி ஒரு சேதியைச் சொல்லிவிட்டு அழவும் கூடாது என்று சட்டம் போட்டவள் உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். நான் கண்ணைத் திறப்பதற்குள் உன் பொய்முடியை மறுபடி ஒட்டிக்கொண்டு கண்ணாடியை நீட்டினாய், மதியம் கார் வந்தது, கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டாய்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை வேறு ஒட்டிவிட்டுப் போயிருந்தாய். முதல் நாள் தண்ணீர் கூடாது, எண்ணெய் கூடவே கூடாது, கசக்காதே, குப்புறப் படுக்காதே, ஆவி பட விடாதே, காலையில் குட்டி பிரஷால் சீவு, தினமும் நாலைந்து உதிரும் பயப்படாதே, மூன்று வாரம் போனால் தானாகக் குறைந்துவிடும், பிடுங்கினால் சொந்த முடியும் சேர்ந்து வரும். இதையெல்லாம் துபாயில் ஏசிக்குள் உட்கார்ந்திருக்கிற சீமாட்டிகளுக்கு எழுது. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு எழுதுகிற தாளா அது? உனக்கு அந்த வேலை தெரியாதா, அந்த டேபிளுக்கு அடியில் உட்கார்ந்துதானே வீட்டுப்பாடம் எழுதினாய்? மறுநாள் பத்து மணிக்குள் அந்த ஹாலில் பறக்கிற பஞ்சு அத்தனையும் என் இமையில் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்து டேபிள் கருத்தம்மா, "ஏனுங்க்கா, கண்ணுல மெத்தை தெச்சுட்டு வந்திருக்கறீங்களா" என்றாள், மொத்த லைனும் சிரித்தது. அயர்ன் டேபிளிலிருந்து ஆவி வருகிறது, இடம் மாற்றிக் கொடு என்று கேட்டால் சூப்பர்வைசர் கிட்டுசாமி, சினிமாவுல நடிக்கப் போறீங்களாக்கா என்கிறான். கசக்கவும் கூடாது, அழவும் கூடாது, கண் பாட்டுக்கு ஊறிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு ஊசி ஓட்டை விழுந்த ஏழு பீஸை நான் பாஸ் பண்ணி அனுப்பிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் என் டேபிளுக்கு ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை, அன்று எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்கினேன். உன்னை மனதுக்குள் திட்டாத திட்டில்லை. இவளுக்குத் துபாய்க் காற்று அடித்துவிட்டது, புருஷனை விடுவதற்கு ஒரு கதை கட்டிவிட்டாள் என்றுதான் அந்த வாரம் முழுவதும் நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், நீ சொன்னதை நான் நம்பவில்லை.

தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்க்காமல் தீபாவளி ஏது? உன் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சியில் வைத்து, ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்த இடது கண்ணை உள்ளங்கையால் ஆசைதீரக் கசக்கினேன். கொத்தாகக் கையோடு வந்துவிட்டது, நீ எழுதியபடியே என் முடியும் சேர்ந்து. வலி தாங்காமல் வலது கண்ணைத் தொடாமல் விட்டேன். குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் ஒரு கண் கல்யாணப்பெண் போலவும் ஒரு கண் மொட்டையாகவும் நின்றேன். உன் அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மொட்டை இமையைத் தடவியதும் உன் இமைதான் விரலில் பட்டது. அடிபட்ட அன்று கண்ணில் கட்டோடு வந்து நின்றாயே, "அலமாரிக் கதவு இடிச்சிருச்சும்மா" என்று, நான் என்ன செய்தேன்? பார்த்து நடக்கத் தெரியாதா என்று திட்டினேன், சோறு போட்டேன், சாயங்கால பஸ்ஸில் சேவூருக்கு ஏற்றிவிட்டேன். அந்த அலமாரி எது? உன் கல்யாணச் சீருக்கு நானே கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. அவர்கள் வீட்டு அறை சின்னது, கதவைத் திறந்தால் கட்டில் தடுக்கும் என்று தள்ளுக் கதவு வைத்ததாகத் தேடி எடுத்தது. பக்கவாட்டில் நகர்கிற கதவு எப்படியம்மா ஒருத்தி கண்ணில் வந்து இடிக்கும்? நாலு வருஷமாக இது எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தெரியாத ஊசி ஓட்டையைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துக் கண்டுபிடிக்கிறவள், என் வாசலில் வந்து நின்ற உன்னைப் பார்க்காமலே பாஸ் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதனால் உன்மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, கூடித்தான் போயிற்று. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? சொன்னாலும் நான் திருப்பித்தான் அனுப்புவேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தானே? எனக்கு எரிவதே அதனால்தான்.

மறுநாளே சேவூர் போனேன், அண்ணன் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு. உன் அத்தை வாசலிலேயே, "ஏனம்மிணி, ஒத்தக் கண்ணுக்கு மட்டும் சிங்காரம் பண்ணியிருக்கறே" என்று கேட்டாள். மோகன்ராஜ் வீட்டில் இல்லை, இருந்திருந்தால் நான் என்ன பண்ணியிருப்பேனோ தெரியாது. கொடுத்த காபியைத் தொடாமல் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உம்பட புள்ளைக்குத்தான் கொழுப்பு, நீயும் கூடச் சேந்து ஒத்து ஊதறயா என்று கத்தினார். அவர் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப் போய், அந்தக் கதவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக் காட்டினேன், "இது எப்படீங்ணா கண்ணுல இடிக்கும், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டேன். அண்ணன் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். உன் அத்தை சமையல்கட்டுக்குள் போய்விட்டாள், அவளுக்கு முன்பே தெரியும் என்று அந்தப் போக்கிலேயே தெரிந்தது. கடைசியில் அண்ணன் சொன்னது ஒன்றுதான், இனி இந்த ஊட்டுப் படி ஏறாதே என்று. எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அது ஒன்றுதான் என்று உனக்கும் தெரியும். பஸ்ஸில் அவினாசி வரும்வரை அழுதேன், நீ அழக்கூடாது என்ற அந்த ஒரு நாளுக்கும் சேர்த்து அழுதேன். வலது கண்ணில் மிச்சம் இருந்ததும் முந்தானையோடு போயிற்று.

நோட்டீஸ் சேவூருக்கு வந்துவிட்டதாக உன் அப்பாவுக்கு நேற்றுச் சேதி வந்தது. உன் வக்கீலிடம் சொல், சாட்சிப் பட்டியலில் என் பெயரைப் போடட்டும். நீ கட்டோடு வந்ததையும், நான் திருப்பி அனுப்பியதையும், அந்த அலமாரியை யார் வாங்கியது என்பதையும் கோர்ட்டில் நானே சொல்கிறேன். இதற்காக நன்றி அது இது என்று போனில் குழையாதே, எனக்கு எரிச்சல்தான் வரும். உன்னை நான் மன்னிக்கவில்லை. என்னை மன்னித்தாயா என்று உன்னிடம் கேட்கவும் போவதில்லை. நாள் முழுக்க அந்தப் பசை வாடையில் குனிந்தே உட்காராதே, கழுத்து போய்விடும். நேரத்துக்குச் சாப்பிடு. என் ஆயுசில் மிச்சம் இருப்பதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நன்றாக இரு, மாரியாத்தா உனக்குத் துணையிருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தத் தழும்பின்மேல் இனி எதையும் ஒட்டாதே. அடுத்த லீவில் அப்படியே வந்து என் எதிரில் வெளிச்சத்தில் உட்கார். நான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
மயிலாத்தாள்