மூன்றாம் குழாய்த் தண்ணீர்

பிப்ரவரி 5, புதன்

கடல் தாண்டியுள்ள கூட்டாளிப் பள்ளியோடு இன்று மூன்றாவது காணொளி வகுப்பு. பாதி நேரம் படம் உறைந்து நின்றது. மீதி நேரத்தில் இரு பக்கத்து எட்டாம் வகுப்பும் பேசி முடிவெடுத்தது: இந்தப் பருவத்துக்கான கூட்டுத் திட்டம், குடிநீர்ச் சோதனை. பள்ளிக்கு ஐந்து குழாய், ஐந்து பாட்டில். அவர்கள் ஊர் ஆய்வுக்கூடம் பத்தையும் சோதித்துத் தரும். அறிவியல் ஆசிரியை என்பதால் பொறுப்பு என் தலையில்.

லேபிள் ஒட்டும் வேலை குட்டி வக்கீலுக்கு. எடுத்ததற்கெல்லாம் “ஏன் மிஸ்?” என்று கேட்பதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர்.

பிப்ரவரி 7, வெள்ளி

தலைமையாசிரியை கூப்பிட்டார். வேறு எதையோ பேசிவிட்டு, நான் எழுந்திருக்கும்போது விஷயத்துக்கு வந்தார்.

“மூணாம் நம்பர் மட்டும் ஆபீஸ் ஃபில்டர்ல புடிச்சிடுங்க. அந்தக் குழாய்க்குக் கட்டடத்தோட வயசு. அட்மிஷன் நேரத்துல எதுக்கு வம்பு?”

மூன்றாம் குழாயில்தான் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

சரி என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

பிடித்தேன். ஃபில்டரில். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பினால் கதவருகே குட்டி வக்கீல், கையில் லேபிள் தாள். இன்று ஏன் என்று கேட்கவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு போனாள். பெட்டியைக் கட்டியதும் அவள்தான். மாலையில் பார்சல் போய்விட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தூக்கம் வராது என்று நினைத்தேன். வந்தது.

மார்ச் 5, புதன்

முடிவு திரையில் வந்தது. அவர்கள் பள்ளியில் ஒரு குழாய் சிவப்பு. எங்களுடையதிலும் ஒன்று — மூன்றாவது. ஈயம், அனுமதித்த அளவைப்போல் நான்கு மடங்கு. ஃபில்டர் தண்ணீரிலா?

அந்தப் பக்கம் பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பையன் ஆங்கிலத்தில் கேட்டான்: “உங்க மூணாம் குழாய்ல யாரு குடிக்கிறாங்க?”

வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்தது. குட்டி வக்கீல் எழுந்தாள். “சின்னப் பிள்ளைங்க. ஆறு வயசு, ஏழு வயசு.”

அந்தப் பக்கம் அத்தனை முகமும் அப்படியே நின்றது. இந்த முறை படம் உறையவில்லை.

மணி அடித்ததும் அவளை நிறுத்தினேன். “நீயா மாத்தின?”

“அதைக் கொட்டிட்டுக் குழாய்ல புடிச்சேன் மிஸ். என் தம்பி அங்கதான் ரெண்டாவது படிக்கிறான்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நீங்கதானே மிஸ் ஃபில்டர்ல புடிச்சீங்க.”

போகச் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் இருப்பார்களா. காலையிலேயே வாசலில் பெற்றோர் கூட்டம். பத்து மணிக்குக் குழாயைப் பூட்டினார்கள். பதினொன்றுக்குத் தலைமையாசிரியை அறைக்கு எனக்கு அழைப்பு.

“சொன்னதைச் செய்யலையா நீங்க?”

அவள் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. “செய்யல மேடம்.”

பொய் இவ்வளவு சுலபமா?

மார்ச் 8, சனி

அன்று அறை வாசலில் நின்ற பெற்றோர் காதில் விழுந்திருக்கிறது. நான் மேலிடத்தை மீறி உண்மையான தண்ணீரை அனுப்பினேன் என்று ஊரெல்லாம் பேச்சு. மருந்துக்கடையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவேயில்லை. வீட்டுக்காரர், “உன் துணிச்சலெல்லாம் எங்கிட்ட மட்டும்தான்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றார். சிரித்துவைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

எட்டாம் வகுப்பிலிருந்து என்னை எடுத்து ஒன்றாம் வகுப்பில் போட்டாயிற்று. திட்டத்துக்கும் வேறு ஆசிரியர். இதற்காகவும் ஆசிரியர் அறையில் என்னை உயர்த்திப் பேசுகிறார்கள்.

சின்னப் பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பதினோரு பேருக்கு அளவு அதிகம், சிகிச்சையும் மறுபரிசோதனையும் வேண்டும். பட்டியலில் நான்காவது, குட்டி வக்கீலின் தம்பி.

நான் பிடித்த பாட்டில் போயிருந்தால்? இன்றும் அங்கேதான் குடித்துக்கொண்டிருப்பான். நானும் பார்த்துக்கொண்டே கடந்து போயிருப்பேன்.

மார்ச் 18, செவ்வாய்

எழுத எதுவுமில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பழைய குழாயைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். பாம்பு நெளிந்ததுபோல் முற்றத்தில் கிடக்கிறது. கூட்டாளிப் பள்ளியிலும் ஒரு குழாயை மூடினார்களாம்.

மதிய இடைவேளையில் குட்டி வக்கீல் என் வகுப்புக்கு வந்தாள். தம்பிக்கு அளவு குறைந்திருக்கிறது என்றாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். இரு பள்ளியும் சேர்ந்து எழுதும் அறிக்கை. ஒவ்வொரு பாட்டிலையும் எப்படிப் பிடித்தோம் என்று விவரம் கேட்டிருக்கிறார்கள். நான்கு கட்டம் நிரம்பியிருந்தது.

“மூணாவதுக்கு என்ன எழுதட்டும் மிஸ்?”

பேனாவை வாங்கினேன். முதலில் நான் ஃபில்டரில் பிடித்ததையும், பயத்தில் அப்படிச் செய்ததையும், ஒரு மாணவி அதைக் கொட்டிவிட்டுக் குழாயில் பிடித்ததையும் எழுதினேன். கீழே கையெழுத்து.

அவள் நின்றபடி படித்தாள். ஒன்றாம் வகுப்புக் குட்டை பெஞ்சில் கால்களை மடக்கி உட்கார்ந்து, அந்தப் பள்ளிக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினாள். பாதியில் நிமிர்ந்தாள்.

“‘பயத்தில்’னு போட்டிருக்கீங்களே மிஸ். அதை விட்டுடட்டுமா?”

“இருக்கட்டும்” என்றேன்.