எதிரில் நிற்கிற டீச்சர்

மார்ச் 3, ஞாயிறு

எங்கள் நடனக் குழுவுக்கு இருபது வயது நிறைகிறது. அதற்காக நகர அரங்கில் பெரிய நிகழ்ச்சி. இன்று கூட்டத்தில் நாத்தனார் நிகழ்ச்சி நிரலை நீட்டினாள். என் சனிக்கிழமை வகுப்புப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் எங்கே இடம் போட்டிருக்கிறாள்? மேடையில் இல்லை. லாபியில். டிக்கெட் கிழிக்கிற மேஜைக்கும் கழிப்பறைக்கும் நடுவில், ஜனங்கள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வருகிற நேரத்தில், எட்டு நிமிடம்.

"வரவேற்பு மாதிரி இருக்கும் அண்ணி, கலகலன்னு" என்றாள்.

கலகலவாம். வாசலில் வைக்கிற பூத்தொட்டியா அவர்கள்? குழுவை ஆரம்பித்ததே நாங்கள் இரண்டு பேரும்தான். அவள் கதக், நான் பரதம். அவள் இளசுகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக மேடையேறினாள். நான் சமூகக் கூடத்தின் வழுக்குத் தரையில் ஐம்பது தாண்டியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அச்சடிக்கிற தாளிலெல்லாம் "எல்லாருக்குமான நடனம்" என்று கொட்டை எழுத்தில் போடுவோம். எல்லாருக்கும்தான். லாபி வரைக்கும்.

மார்ச் 4

இவரிடம் சொன்னேன். தங்கை சொல்வதிலும் நியாயம் இருக்கிறதாம், நான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவர் எந்தப் பக்கமும் இடி வாங்காத மத்தளம். சாயங்காலம் ஒரு காபிதான் போட்டேன். எனக்கு.

மார்ச் 9, சனி

வகுப்பில் சொல்லிவிட்டேன். "மூட்டுவலி அணி" என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்ட கூட்டம் அது. பாத்ரூம் பக்கத்திலேயே இருந்தால் நமக்குத்தான் சௌகரியம் என்றார் பஸ் ஓட்டுகிற அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். மருந்துக்கடை அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து சலங்கை கட்டிக்கொண்டே சொன்னார்: "மக ஃப்ளைட் டிக்கெட் எடுத்துட்டா டீச்சர். அம்மா மேடையில ஆடப்போறேன்னு சொல்லிட்டேன்."

அவருக்கு அறுபத்து மூன்று வயது. எட்டு வருடமாக ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

மார்ச் 10

நாத்தனாருக்குப் போன் போட்டேன். மேடை இல்லையென்றால் நானும் இல்லை, பொறுப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிடு என்றேன். இருபது வருடத்தையும் கொட்டித் தீர்த்தேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சரி அண்ணி, மேடை தர்றேன். ஆனா நீங்க அவங்களுக்கு எதிர்ல இருக்கக்கூடாது."

போன வருடம் நூலக விழாவில் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து முழு ஆட்டத்துக்கும் கை காட்டிக்கொண்டே இருந்தேனாம். "பன்னெண்டு பேரும் உங்களையேதான் பார்த்தாங்க. ஜனத்தை ஒருத்தர்கூடப் பார்க்கல. நீங்க இல்லாம அவங்களால ஆட முடியுமா? முடிஞ்சா நானே மன்னிப்புக் கேக்கறேன்."

என்ன திமிர்! முடியும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மார்ச் 16, சனி

பாதி ஆட்டத்தில் போன் வந்ததுபோல் நடித்து வெளியே போனேன். நடைவழியில் நின்று காதைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கால்கள் ஒன்றாகத் தட்டின. அப்புறம் சத்தம் இரண்டாகப் பிரிந்தது. அப்புறம் ஆளுக்கொரு பக்கம். கடைசியில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர் வரட்டும்" என்று யாரோ சொன்னார்கள்.

மார்ச் 17

அவள் சொன்னது சரி என்று இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன்.

மார்ச் 23, சனி

எதிரில் நிற்காமல் அவர்களோடு வரிசையில் நின்று ஆடிக்காட்டலாம் என்று போனேன். இத்தனை வருடம் எதிரில் நின்றே சொல்லிக்கொடுத்தவள் நான். அவர்கள் வலது கையைத் தூக்க வேண்டுமென்றால் நான் இடது கையைத் தூக்குவேன், கண்ணாடிபோல. இன்று வரிசையில் நின்றதும் எல்லாரும் வலப்பக்கம் திரும்ப, நான் இடப்பக்கம் போய் பஸ் அக்கா மேல் மோதினேன்.

"டீச்சர், இது ஒன்வே" என்றார்.

கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானே அமைத்த ஆட்டம். அதை நேர்ப்பக்கம் ஆட எனக்கே வரவில்லையே? நான் இல்லாமல் அவர்களால் முடியாது — சரி. அவர்கள் எதிரில் இல்லாமல் என்னால் முடிகிறதா?

போதும். துணி காயப்போட வேண்டும்.

மார்ச் 30, சனி

பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். இனி எனக்கு அவர்கள் முதுகுதான். அடவு வரிசை மறக்காமலிருக்க மருந்துக்கடை அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். வலப்பக்கம் இரண்டு, நடுவில் ஒன்று, இடப்பக்கம் இரண்டு என்பதற்கு, "காலையில ரெண்டு, மதியம் ஒண்ணு, ராத்திரி ரெண்டு." பன்னிரண்டு பேரும் முணுமுணுக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்த ஜதியெல்லாம் மாத்திரை அட்டை ஆகிவிட்டது! யாரிடம் போய் அழுவது?

ஏப்ரல் 6, சனி

ஐந்து இடத்தில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது தடவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால்தான் என்னவாம்?

ஏப்ரல் 20, சனி

நிகழ்ச்சி. அரங்கில் எங்கே உட்கார்ந்தாலும் என் கை தானாக எழும்பிவிடும். என் கையை எனக்குத் தெரியும். அதனால் லாபிக்கு வந்துவிட்டேன். டிக்கெட் மேஜைக்கும் கழிப்பறைக்கும் நடுவில். "உள்ள போகலையா?" என்றார் இவர். அவரை உள்ளே அனுப்பினேன்.

கதவைச் சாத்தினார்கள். சலங்கைச் சத்தம் மட்டும் வந்தது. மூன்றாவது நிமிடத்தில் அது நின்றது. உள்ளே மருந்துக்கடை அம்மாவின் குரல், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு உரக்க: "மதியம் ஒண்ணு." ஜனம் சிரித்தது. பிறகு பன்னிரண்டு ஜோடிக் கால்களும் ஒன்றாக இறங்கின. அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் நாத்தனார் வெளியே வந்தாள். "ஜனத்தைப் பார்த்து ஆடினாங்க அண்ணி" என்றாள். மன்னிப்பும் கேட்டாள். அவள் கேட்கத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

பெண்கள் மகள், பேரப்பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் எங்கே இருந்தீர்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதேன். கோபத்தில்தான்.

ஏப்ரல் 27, சனி

வகுப்பு. நடத்தியது பஸ் அக்கா. நான் இரண்டாம் வரிசையில், மருந்துக்கடை அம்மாவுக்குப் பக்கத்தில். இரண்டு தடவை தப்பான பக்கம் திரும்பினேன். இரண்டு தடவையும் அந்த அம்மா என் தோளைப் பிடித்து நேராகத் திருப்பிவிட்டார். என்னையே திருத்துகிறார்களாம்! அடுத்த சனிக்குள் காட்டுகிறேன். காலையில் இரண்டு, மதியம் ஒன்று, ராத்திரி இரண்டு.