மாமா வண்டியில் கட்டிய பேனர்

வேங்கிக்கால்,
ஞாயிறு காலை

அன்பு மகள் ஓவியாவுக்கு அப்பா மணிவேல் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். தண்ணீர் மோட்டாரும் நலம், நானே பிரித்துச் சரிசெய்துவிட்டேன். நீ நலம் என்பது வெள்ளிக்கிழமை போனில் என்னை மடக்கிய குரலிலேயே தெரிந்துவிட்டது, அதனால் தனியாகக் கேட்கவில்லை.

உன் மாமா கோபி கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை மூட்டையைக் கடலை எண்ணெய்ச் செக்குக்கு ஏற்றக் கடைசியில் ஒரு சின்ன லாரி எடுத்துவிட்டான். ஒரு கம்பெனிக்காரர் மைலேஜ் ஜாஸ்தி என்றார், இன்னொருவர் பாரம் ஜாஸ்தி தாங்கும் என்றார். அதையெல்லாம் விடு, உதிரிபாகம் இந்த ஊரில் அன்றைக்கே கிடைக்குமா பார் என்று நான் சொன்னேன். பதினெட்டு வருடமாக லாரி பிரிக்கிறவன் பேச்சை எவன் கேட்கிறான். நம்ம ஓவியா வேலை செய்யற கம்பெனி இருக்கும்போது ஊரான் வண்டி எதுக்கு மாமான்னு உங்கள் கம்பெனி வண்டியையே எடுத்தான்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பூஜை போட்டு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றக் கிளம்பினோம். அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம் கட்டிப் பார்த்தேன், கூலண்ட் சரியாக இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, ஒழுகல் இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்போதுதான் உன் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, புது வண்டி ஒரு மலையைச் சுத்த மாட்டேங்குது, என்னடி கம்பெனி நடத்தறீங்கன்னு கத்தினேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முன்னாடி என்னப்பா கட்டியிருக்கீங்கன்னு ஒன்றே ஒன்று கேட்டாய். போய்ப் பார்த்தேன். மாலைக்கு அடியில் பம்பரிலிருந்து கண்ணாடியின் அடி வரைக்கும் ஃபிளெக்ஸ் பேனர். அதில் ஹெல்மெட்டோடு உன் படம், எங்கள் வீட்டு லாரி இன்ஜினியர் ஓவியா என்று கொட்டை எழுத்து. ரேடியேட்டருக்குப் பொட்டுக் காற்று இல்லை. எட்டு முடிச்சும் நான் போட்டது. பொண்ணு படத்தைக் காட்டியே வண்டிய நிறுத்திட்டீங்களே மாமான்னு கோபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இப்போது பேனர் பின்பக்கம் தொங்குகிறது, அங்கே ரேடியேட்டர் இல்லை.

இனி நீ கேட்காமல் கேட்கிற விஷயம். அங்கே வேலை நிரந்தரமாகி விடுதியில் தங்க, பெற்றோர் சம்மதப் படிவத்தை நீ அனுப்பி இருபது நாளாகிறது. யோசிக்கிறேன் என்று சொன்னது பொய், பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். கலெக்டர் ஆபீஸில் தற்காலிகக் கம்ப்யூட்டர் வேலை இருக்கிறது, நடந்தே போய்வரலாம் என்று அம்மா சொன்னாள், எனக்கும் அதுதான் ஆசை. வெள்ளிக்கிழமை பேனரைக் கழற்றியதும் அம்மா வண்டிக்குள் உட்கார்ந்து முள் கீழே இறங்குவதையே பார்த்தாள். வண்டிய கண்ணால பாக்காம அவளுக்கு எப்படிங்க தெரிஞ்சுதுன்னு கேட்டாள். அதான் அவ வேலை என்றேன். வீட்டுக்கு வந்ததும் பீரோ சாவியைக் கேட்டு வாங்கினாள்.

கையுறை போடாமல் சூடான பாகத்தைத் தொடாதே. மேலதிகாரி தப்பாகச் சொன்னால் வாயால் சண்டை போடாமல் அளந்து காட்டு. காலையில் டீயோடு நிறுத்தாமல் சாப்பிடு. அண்ணாமலையார் உன்னை நன்றாக வைத்திருப்பார். படிவம் இதோடு இருக்கிறது, முப்பதாம் தேதிக்குள் கொடுத்துவிடு. ஒரு கையெழுத்துதான் கேட்டிருக்கிறார்கள், இரண்டு இருக்கும். மேலே இருப்பது அம்மாவுடையது.

உன் அப்பா,
மணிவேல்