ஐந்தாவது மென்பொருள்

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. பட்டறைக்குக் கிளம்பிவிட்டேன். சாவி ஜன்னலோரம். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

கம்ப்யூட்டரை அணைத்துவிடாதே. ஐந்தாவது முப்பரிமாண மென்பொருள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

நம் மகளுக்குக் கம்ப்யூட்டர் திரையில் நடக்கிற நாற்காலி செய்து காட்டுகிறேன் என்று சொல்லி ஒரு மாதமாகிறது, தெரியும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு நேற்று நீ சொன்னதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனது தப்புதான். ஆனால் இறக்கிய மென்பொருள்களில் ஒன்றில் பொத்தான்கள் காடாக இருக்கின்றன, ஒன்று திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. இருபது வருஷமாக மரத்தில் நாற்காலி செய்கிறவனுக்குத் திரையில் ஒன்று வரவில்லை என்றால் தப்பு யார் மேல்?

பி.கு.: செருப்பு மாட்டிய பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்தேன். நேற்று நாலாவதில் செய்ததைத் திரையில் சுற்றிப் பார்த்தேன். முன்னாலிருந்து பார்த்தால் அசல் நாற்காலி. பக்கவாட்டில் பார்த்தால் பின்னங்கால் இரண்டும் பலகையை விட்டு ஒரு முழம் தள்ளி நிற்கின்றன. மற்ற மூன்று மென்பொருளிலும் செய்ததைத் திறந்தேன். அவற்றிலும் அப்படியே. மரமாக இருந்தால் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்திருப்பேன். இங்கே உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துவிடு. முதலில் இறக்கியதே போதும்.

கூடம் நேராகத்தான் இருக்கிறது.