வளைவில் விட்டுவந்த மூன்று கற்கள்

இன்று காலை தாயில்பட்டிச் சாலை வளைவில் மூன்று கற்கள் கிடந்தன. மேலே காய்ந்த வேலிக்கருவைக் கொப்பு. வண்டி எதுவும் இல்லை. எவனோ டயர் மாற்றிவிட்டு, அடையாளத்துக்கு வைத்ததை எடுக்காமல் போயிருக்கிறான். என் வண்டியை வளைவு தாண்டி மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, கற்களை ஒவ்வொன்றாக ஓடைப் பக்கம் தூக்கிப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து உன் தூக்குச்சட்டியை இறக்கினேன், மாப்ளே.

பன்னிரண்டு வருடமாக அது என் வீட்டில்தான் இருந்தது. என் வண்டிக் கொக்கியில் அதை மாட்டியவன் நீ. உனக்குத் தெரியும்.

அன்றும் இதே வளைவுதான். வெடிக் கம்பெனியில் நீ போர்மேன், நான் லோடு ஏற்றிவிடுகிறவன். வேலை முடிந்து என் வண்டியில் வந்துகொண்டிருந்தோம். பின்டயர் உட்கார்ந்துவிட்டது.

"வளைவு தாண்டித் தள்ளிட்டுப் போயிருவோம் மாப்ளே. இங்கன நின்னா வாரவனுக்குத் தெரியாது" என்றாய்.

"காத்தில்லாமத் தள்ளுனா டியூப்பு கிழிஞ்சிரும்லே. கல்லைத் தூக்கி வையி, போதும்" என்றேன்.

பஞ்சர் கடைக்காரனை நான் நம்பினதே இல்லை. மூன்று டியூப்பைக் கெடுத்து நானே கற்றுக்கொண்ட வேலை. வண்டிப் பெட்டியில் எல்லாச் சாமானும் வைத்திருப்பேன். நான் டயரைக் கழற்ற, நீ பின்னால் கல்லும் கொப்பும் வைத்துவிட்டு, வருகிற வண்டிகளைப் பார்த்துச் சிவப்புத் துண்டை வீசிக்கொண்டு நின்றாய். கம்பெனி வேனிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"என்ன அண்ணாச்சி, ரோட்டை ஏலம் விடுதீகளா?"

"வளைவு மட்டுந்தான் தாயி பாக்கி. கேக்கியா?"

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். டயருக்குள் துணியைச் சுற்றிய விரலை விட்டுத் தடவி, ஒடிந்து நின்ற முள்ளை எடுத்துக் காட்டினேன். அதை விட்டுவிட்டால் அடுத்த மைலில் மறுபடி பஞ்சர். அந்த வேலையில் இன்றுவரை என்னை யாரும் குறை சொன்னதில்லை.

மாட்டி முடித்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. நீ கற்களை எடுக்கப் போனாய். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

"விடுலே, பின்னால வாரவன் எவனாச்சும் எடுப்பான்."

"ஓடுற வழியில எதுவும் கெடக்கக் கூடாது மாப்ளே."

கம்பெனியில் நாள் முழுக்க நீ சொல்கிற பேச்சு அது. தீப்பிடித்தால் ஆள் ஓட வேண்டும் என்று, வெடிமருந்து அறை வாசலில் ஒரு காலி டப்பாவைக்கூட வைக்க விடமாட்டாய்.

"இது ஒன்னோட மருந்து ரூம் இல்ல. ஏறு. இல்லாட்டி நடந்து வா" என்றேன்.

ஏறினாய். ஊர் வந்ததும், சட்டியை எடுக்காமலே இறங்கிப் போனாய்.

வீட்டில் சட்டி எங்கே என்று உன் பெண்டாட்டி கேட்டிருக்கிறாள். என் வண்டியில் தொங்குவது தெரிந்தும், பஞ்சர் ஒட்டின இடத்தில் வைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். கல்லை எடுக்கப் போகிறேன் என்று சொன்னால், அப்போதே எடுக்க விடாத என்னை அவள் திட்டுவாள் என்று நினைத்திருப்பாய். "நாளைக்கு எதுல சோறு கொண்டுபோவீக? போயி எடுத்துட்டு வாங்க" என்றிருக்கிறாள். நீ மொபெட்டில் கிளம்பினாய். மங்கலில், வளைவு திரும்பிய வேனுக்குக் குனிந்திருந்த ஆள் தெரியவில்லை. செய்தி கேட்டு நான் வந்து பார்த்தபோது இரண்டு கற்கள் ஓரத்தில் கிடந்தன. மூன்றாவது உன் கைப்பக்கத்தில்.

"ஒரு சட்டிக்காக நாந்தானே வெரட்டுனேன்" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டாள். நான் வாசலில் நின்றேன். சட்டி என் வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். காரியம் முடியட்டும் என்று இருந்தேன். பிறகு, ஆறின புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்று இருந்தேன். அது ஆறவே இல்லை என்று எனக்குத் தெரியும். உன் மகன் இன்றும் பிளாஸ்டிக் டப்பாவில்தான் சோறு கொண்டுபோகிறான். அந்த வீட்டுக்குள் தூக்குச்சட்டி வரக்கூடாது என்று அவள் வைத்திருக்கிறாள். அதையும் பார்த்துக்கொண்டு உன்மேல் கோபப்பட்டேன். யார் உன்னைத் திரும்பிப் போகச் சொன்னது? இந்தக் கோபத்தை வைத்தே பன்னிரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

இன்று சட்டியை அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"அப்ப அவுகள நான் அனுப்பலையாண்ணே?"

"இல்லம்மா. நீ சொல்லாட்டியும் போயிருப்பான். கல்லுக்காகத்தான் போனான்."

மூடியைத் தரையில் வைத்தாள்.

"பன்னெண்டு வருசமாண்ணே?"

காப்பி சாப்பிட்டுப் போங்கண்ணே என்று எப்போதும் சொல்பவள், இன்று சொல்லவில்லை. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடியே இருந்தாள். எழுந்து வந்துவிட்டேன்.

நான் ஒட்டியது நல்ல ஒட்டுத்தான். உனக்குப் பிறகும் அந்த டியூப் இரண்டு வருடம் ஓடியது. அதை இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் உன்னை ஆம்புலன்சில் ஏற்றிய பிறகு, அந்த மூன்றாவது கல்லை எடுத்து ஓரத்தில் போட்டவன் நான்தான். பெரிய கல் என்று நினைத்துக் குனிந்தேன், மாப்ளே.

ஒரு கையே போதுமாக இருந்தது.